ஏன் எதுக்குன்னு கேட்கும் பிள்ளைக்கு என்ன வேலை பொருந்தும்?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மாணவர்களுக்குப் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே போனாலும் ஒரு புகார் காதில் விழும். "எதைச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேட்டு உசுரை வாங்குறான் சார்." உடனே பக்கத்தில் இருக்கும் மாமா, "அப்ப வக்கீலுக்குப் படிக்க வைங்க" என்பார். மார்க் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் டாக்டர். நம் வீடுகளில் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆராயும் குணம் வேறு, வாயாடுவது வேறு, மார்க் வேறு. மண்டபத்துப் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். அன்றைக்கு என்ன காற்று, வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலா (மன்னார் வளைகுடாப் பக்கம்), எத்தனை கிலோ, என்ன விலை, எல்லாம் அதில் இருந்தது. வாடைக் காலத்தில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும், தென்மேற்குக் காற்றில் அது தலைகீழ் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவளுக்கு வேண்டியிருந்தது, காற்று மாறி எத்தனை நாளில் நண்டு குறைகிறது என்பது. நான் கவனித்தது இன்னொன்று. அப்பா சொல்ல மறந்த நாட்களில் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தாள், தோராயமாக எதையாவது எழுதி நிரப்பவில்லை. மார்க் சுமார்தான், ஆனால் எனக்கு அந்தக் காலிக் கட்டம் போதும்.

ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் மனிதர்களின் வேலை விருப்பத்தை ஆறு வகையாகப் பிரித்தார், அதில் ஒன்று ஆராயும் வகை. இணையத்தில் டெஸ்ட் எழுதி "நான் ஆராய்ச்சி டைப்" என்று வருகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பெரும்பாலானோர் இரண்டு மூன்று வகைகளின் கலவை. கூட என்ன கலந்திருக்கிறது என்பதுதான் வேலையை முடிவு செய்யும். ஆராயும் குணத்தோடு கையால் வேலை செய்வதும் வெளியே அலைவதும் பிடிக்கும் என்றால் கடல் உயிரியல், மீன்வளம், தடயவியல் ஆய்வகம், தொல்லியல். நம் மாவட்டத்து அழகன்குளத்தில் தொல்லியல் ஆய்வுக்காகத் தோண்டிய குழிகளில் ரோமானியக் காசும் பானை ஓடும் கிடைத்தது அப்படிப்பட்ட ஆட்களின் பொறுமையால்தான். ஒழுங்கும் கணக்கும் பிடிக்கும் என்றால் தணிக்கை, புள்ளியியல், காப்பீட்டில் இழப்பு வாய்ப்பைக் கணக்கிடும் காப்பீட்டுக் கணக்கியல். சி.ஏ. படிக்க காமர்ஸ் குரூப் கட்டாயமில்லை, அறிவியல் படித்தவர்களும் பிளஸ் டூ முடித்துச் சேரலாம் என்பது இங்கே பலருக்கும் தெரியாது. மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்றால் மருத்துவம் மட்டும் இல்லை, நோய் எங்கிருந்து எப்படிப் பரவுகிறது என்று தேடும் பொதுச் சுகாதாரமும் இருக்கிறது.

நம் வாசலிலேயே இருப்பதைப் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971 வரை தலைமையகமே மண்டபம்தான், அப்புறம்தான் கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் இன்றும் அதன் மையம் இருக்கிறது. மீன் இறங்குதளத்தில் சில படகுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, என்ன மீன், எவ்வளவு எடை என்று குறித்து, அதிலிருந்து மொத்தக் கடற்கரைக்கும் கணக்குப் போடுகிறார்கள். அந்த நோட்டுக்காரி செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது, அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும்.

சினிமா பார்த்துவிட்டு, "துப்பு துலக்குற வேலைக்குப் போகணும்" என்று வரும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. தடயவியல் ஆய்வகத்தில் குற்றவாளியைத் துரத்த மாட்டீர்கள், மாதிரிக்கு எண் போட்டு, சோதித்து, எழுதி, மறுபடி சரிபார்ப்பீர்கள். கண்டுபிடிக்கும் நிமிடம் சின்னது, சரிபார்க்கும் நாட்கள்தான் ஏராளம். ஒரே பட்டியலை மூன்று தடவை பார்க்கச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? அப்படியென்றால் வேறு வேலை பார்க்கலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

சரி, காசு விஷயம். விஞ்ஞானி என்றால் முதுகலை, முனைவர் பட்டம் என்று வயது இருபத்தைந்தைத் தாண்டிவிடும், கடன் வாங்கி வலை போட்ட வீட்டால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. "முதல்ல சம்பாதி, அப்புறம் ஆராய்ச்சி" என்று அப்பா சொல்வது நியாயம்தான். அதனால் நான் இரண்டு படியாகத்தான் சொல்வேன். மருத்துவ ஆய்வக டிப்ளமோ, மீன்வளத் துறையின் சார் ஆய்வாளர் தேர்வு, அரசுப் புள்ளியியல் பணித் தேர்வு போல சீக்கிரம் சம்பளம் வரும் வழி ஒன்று, அதில் இருந்துகொண்டே மேலே படிக்க வழி ஒன்று.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஓடி வராதீர்கள், குரூப் எடுப்பதற்கு முன்பே, பத்தாம் வகுப்பிலேயே வாங்க. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்பா கரையில்தான் இருப்பார், அவரையும் கூட்டி வாங்க. பிள்ளையின் மார்க் ஷீட்டோடு, அது சும்மா கிறுக்கி வைத்திருக்கும் நோட்டும் இருந்தால் எடுத்து வாங்க.