காபி மெஷினுக்குள் வளரும் சுண்ணாம்புக் கல்

புதிதில் மளமளவென்று காபி இறக்கித் தந்த டிரிப் மெஷின், சில மாதம் போனதும் முக்கி முனகத் தொடங்கும். பெரும்பாலும் அது பழுதில்லை. உள்ளே கல் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாதாரண டிரிப் மெஷினில் பம்பு கிடையாது. தொட்டித் தண்ணீர், ஹீட்டரோடு ஒட்டிய மெல்லிய அலுமினியக் குழாய்க்குள் இறங்கிக் கொதிக்கும். கிளம்பும் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளும். அது திரும்பத் தொட்டிக்குப் போகாமல் சின்ன வால்வு ஒன்று தடுக்கும். கல் வளர்வது சரியாக இந்தக் குழாயில்தான்.

சர்க்கரை சுடுநீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு நேர் எதிர். மழைநீர் மண்ணிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு இறங்கி, சுண்ணாம்புப் பாறையைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துவிடுகிறது. போர் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அதுதான். சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும். அந்தத் துணையை இழந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு சேரும்? குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு, லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. தினம் ஒரு லிட்டர் என்றால், 200 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரிலேயே வருடத்துக்கு 73 கிராம் சுண்ணாம்பு மெஷினைக் கடந்து போகிறது. அத்தனையும் படியாது, ஆனால் விரல் தடிமன்கூட இல்லாத குழாயை அடைக்க அதில் ஒரு பங்கே போதும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். ஹீட்டர் கொதிக்க, தண்ணீர் தாமதமாகச் சூடாகும். தூள் நேரம் மிஞ்சி ஊறிக் காபியும் கசக்கும்.

தேய்த்து எடுக்க வழியில்லாத இடம் என்பதால் அமிலம்தான் வேண்டும். அமிலம் பட்டதும் கார்பனேட் நுரைத்து, மறுபடி வாயுவாகவும் கரையும் உப்பாகவும் பிரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். மெஷினை ஓட்டி, கரைசல் குழாயில் கொஞ்சம் ஏறியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதிகம் கொதிக்க விடாதீர்கள்: கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் மறுபடி படியக்கூடும். வினிகருக்கு இந்தத் தொல்லை இல்லை, வாடைதான் போகாது. அப்புறம் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். பிளீச்சிங் திரவத்தை மட்டும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

வினிகரோடு ஆப்பச்சோடாவையும் கலந்து ஊற்றுகிறார்கள் சிலர். நுரையைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன, கல்லுக்கு அமிலம் மிஞ்சாது. ஆப்பச்சோடாவுக்கு வேறு இடம் உண்டு. வடிகட்டிக் கூடையிலும் ஜாடியிலும் பழுப்பாகப் பிசுபிசுப்பது காபிக்கொட்டையின் எண்ணெய். அதை அமிலம் அசைக்காது. பாத்திரம் கழுவும் சோப்போ, வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடாவோதான் எடுக்கும். நம் பித்தளை ஃபில்டரின் துளைகளை அடைப்பதும் அந்த எண்ணெயும் நைந்த தூளும்தான். தண்ணீர் வேறு பாத்திரத்தில் கொதிப்பதால், அங்கே சுண்ணாம்பு அந்தப் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது.