வண்டி மரம்: ஒரு புரோட்டியாவின் கதை

புரோட்டியா என்றதும் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த அணியின் சின்னத்தில் உள்ள பெரிய பூ, கிங் புரோட்டியா என்ற புதர்ச்செடியில் பூப்பது. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள கேப் பகுதி மலைச்சரிவுகளில் வளரும் புரோட்டியாக்களில் பெரும்பாலானவை இப்படிப் புதர்கள்தான். ஒழுங்காக மரமாகவே வளரும் சிலவற்றுள் ஒன்று புரோட்டியா நிட்டிடா. ஐந்து முதல் பத்து மீட்டர் உயரம், வெளிறிய சாம்பல் நிறப் பட்டை, வெள்ளி பூசியது போன்ற இலை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இதன் பெயர் வாபூம், அதாவது வண்டி மரம்.

பெயருக்குக் காரணம் அதன் கட்டை. செந்நிறம், நல்ல கனம், வலை பின்னியது போன்ற ரேகை. ஆனால் அடிமரம் பெரும்பாலும் குட்டை, கோணல் வேறு. நீளப் பலகை அறுக்க நினைத்தால் ஏமாற்றம்தான். சக்கரத்தின் வெளிவளையமான வட்டை விஷயம் அப்படியில்லை. வளைந்த சிறு துண்டுகளைக் கோத்துத்தானே அந்த வட்டமே உருவாகிறது! அங்கே கோணல் ஒரு குறையே அல்ல. கேப் காலனியின் மாட்டு வண்டிகளுக்கு இந்தக் கட்டையில் வட்டையும் செய்தார்கள், பிரேக் கட்டையும் செய்தார்கள். மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும் வண்டியை இழுத்துப் பிடிப்பது அந்தப் பிரேக் கட்டைதான்.

எனக்கு அதைவிட வியப்பு, இது தீயைச் சமாளிக்கும் விதம். ஃபின்போஸ் எனப்படும் கேப் புதர்க்காடு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பற்றி எரியும். பல புரோட்டியாக்கள் அதில் செத்துப்போகும். விதைதான் அடுத்த தலைமுறை. வாபூம் நின்று பிழைக்கும். அதன் தடித்த பட்டை வெப்பத்தை உள்ளே விடாது. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள், உச்சி கருகியதும் விழித்துக்கொண்டு தண்டிலும் கிளைகளிலும் துளிர்விடும். இளந்துளிர் சிவப்பு, முதிர முதிர வெளிறும்.

அந்தப் பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அதனால் தோல் பதனிடவும் பயன்பட்டது. டானின், தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து அதை அழுகவிடாமல் காக்கும். இலையை வைத்து மையும் காய்ச்சினார்கள். இலையோடு துருப்பிடித்த ஆணியைப் போட்டுக் கொதிக்கவைத்தால், டானினும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை தயாரித்ததும் இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இந்த வகை மை எழுதும்போது சற்று வெளிறியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டபின்தான் நன்றாகக் கறுத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும்.