லிங்கருக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான்

சி நிரலையும் ஃபோர்ட்ரான் நிரலையும் இணைக்க முடியாமல் என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். மெயின் நிரல் சி மொழியில், கணக்குப் போடும் பழைய நிரல் ஃபோர்ட்ரானில். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் லிங்கரிடமிருந்து 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று பிழை வந்ததும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிழை அசையவே இல்லை. எப்படி அசையும்?

ஐயா, அந்தப் பிழைக்கு 'லைப்ரரி இல்லை' என்று அர்த்தம் இல்லை. 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்றுதான் அர்த்தம். ஃபைல் பக்கத்திலேயே இருக்கும், நீங்கள் அழைக்கும் சப்ரூட்டீனும் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) அதற்குள்ளேயே இருக்கும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் லிங்கருக்கு அது வேறு ஆள். இவருடைய சி நிரல் 'சால்வ்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கிக் கேட்டது. ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானோ எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, வாலில் ஓர் அண்டர்ஸ்கோரை ஒட்டி வைத்திருந்தது. மாட்யூல் என்ற தொகுப்புக்குள் இருந்தால் மாட்யூலின் பெயரும் சேர்ந்துகொள்ளும். கம்பைலர் உருவாக்கிய இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைல்களிலும், உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் 'யு' போட்டுத் தேடும் பெயர், மற்றதில் 'டி' போட்டு இருக்கும் பெயர். வித்தியாசம் கண்ணிலேயே படும்.

சரி, உடனே சி பக்கம் ஓர் அண்டர்ஸ்கோரைச் சேர்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். வேறு கம்பைலருக்கு மாறும்போது அது உதைக்கலாம். சப்ரூட்டீனை சி-யிலிருந்து அழைக்க வழிசெய்யும் பைண்ட்(சி), ஃபோர்ட்ரான் 2003-லேயே வந்துவிட்டது. பெயரை மேற்கோளுக்குள் நீங்களே கொடுங்கள், கொடுத்தபடியே நிற்கும். பழைய நிரலைத் தொடப் பயமா? அதை அழைக்கும் ஒரு சின்ன சப்ரூட்டீனை எழுதி, அதற்கு மட்டும் பைண்ட்(சி) போடுங்கள்.

காணவில்லை என்று வரும் பெயர்களில் 'ஜிஃபோர்ட்ரான்' என்றே இருந்தால் கதை வேறு: ஃபோர்ட்ரான் நிரல் ஓடத் தேவையான ரன்டைம் லைப்ரரி சேரவில்லை. சி கம்பைலரான ஜிசிசி அதைத் தானாகச் சேர்க்காது. ஜிஃபோர்ட்ரானைக் கொண்டே லிங்க் செய்யுங்கள். லைப்ரரிகளைக் கட்டளை வரியின் கடைசியில் எழுதுங்கள், முன்னால் அல்ல.

அப்புறம், லிங்க் ஆனதும் கொண்டாட வேண்டாம். அழைக்கும்போது அனுப்பும் ஆர்க்யுமென்ட்களை லிங்கர் பார்ப்பதே இல்லை. இவரும் கொண்டாடினார், ஓட்டியதும் செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் நின்றது. எண்ணை மதிப்பாக அனுப்பியிருந்தார், ஃபோர்ட்ரான் முகவரியை எதிர்பார்த்தது. பைண்ட்(சி) போட்டாலும், 'வேல்யூ' என்று சொல்லாதவரை அப்படித்தான். எழுத்துச்சரங்களில் இன்னொரு தொல்லை: பைண்ட்(சி) இல்லாத இடத்தில் அவற்றின் நீளம் தனி ஆர்க்யுமென்ட்டாகக் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் போகும். ஜிசிசி 8-ஆம் பதிப்பில் அந்த நீளத்தின் வகையே மாறியது.

அடுத்த முறை எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள். 'என்எம்' காட்டும் அந்த இரண்டு வரிகளை அனுப்புங்கள், போதும்.