கரண்ட் போனால் அடுத்து எது போகும்?

பேரிடர் தயார்நிலை பற்றி ஒரு ஊராட்சியில் கேட்டால் கையில் கிடைப்பது ஒரு பட்டியல். பள்ளிக்கூடம் ஒன்று, சமுதாய நலக்கூடம் ஒன்று, மேல்நிலைத் தொட்டி இரண்டு, நீச்சல் தெரிந்தவர்கள் இத்தனை பேர், ஜேசிபிக்காரர் போன் நம்பர். படிவம் நிரம்பிவிடும். எது எதை நம்பி நிற்கிறது என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இருக்காது. என் வேலையே அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான்.

தென் மாவட்டங்களில் வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆனால் ஊர்களை முடக்கியது மழை மட்டுமல்ல. கரண்ட் போனது, மோட்டார் ஓடவில்லை, தொட்டி ஏறவில்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு குடம் கிடையாது. செல்போன் டவரில் பேட்டரி தீர்ந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகப் பாதை இல்லை. டவர் போனால் 108 எப்படி வரும்? தாமிரபரணிக்குள் இருக்கும் உறைகிணறுகளும் குழாய்களும் சேதமானதால், வெள்ளமே பார்க்காத தூரத்து ஊர்களுக்கும் கூட்டுக் குடிநீர் நின்றது.

ஊர்க்கூட்டத்தில் தரையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்வேன். பிறகு ஒரே கேள்விதான்: "கரண்ட் போனால் அடுத்து எது போகும்? அது போனால்?" பதிலுக்குப் பதில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவோம். அதிக அம்புகள் எங்கே குவிகின்றனவோ அதுதான் ஊரின் பலவீனமான இடம். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் டிரான்ஸ்பார்மர், மோட்டார் ரூம், ரேஷன் கடை மூன்றும் வாய்க்கால் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தன. புறம்போக்கு இடம் அங்கேதான் கிடைத்ததாம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல நிலையில்தான் இருந்தன.

அம்புகள் ஊர் எல்லையிலும் நிற்பதில்லை. நம் பக்கத்தில் ஒரு குளம் நிரம்பி மறுகால் (உபரி நீர்) பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். டிசம்பரில் எல்லாக் குளமும் ததும்பி நிற்கும்போது மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருக்கிற கரையும் தாங்காது. நம் ஊரின் பலம் பாதிக்குப் பாதி மேல் ஊர்க்காரர் கையில். அவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு மடை ஷட்டர் சாவி யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஓடும் அம்புகளை யாரும் வரைவதில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இலையும் தூளும் நனைந்தால் அந்த வாரச் சம்பளம் கிடையாது. குழுக் கடன் தவணைக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். அந்த வட்டி கட்டுவதில் கூரை வேலை தள்ளிப்போகும். அடுத்த ஐப்பசியில் அதே வீடு இன்னும் சீக்கிரம் ஒழுகும், இலை இன்னும் சீக்கிரம் நனையும். நிவாரணத் தொகை ஒருமுறை வந்தால் இந்தச் சுற்று அறுந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வெள்ள மாதத்துத் தவணையைத் தள்ளிவைப்பது அதைவிடப் பயன் தரும்.

மருந்தும் அப்படியே. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் சுகர், பிரஷர் மாத்திரை தீரும் தருவாயில் வெள்ளம் வந்தால்? இன்சுலின் போடுகிறவர் வீட்டு பிரிட்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும்?

பலத்தையும் இதே படத்தில் தேட வேண்டும். அதே வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றபோது, அரசு உதவி போய்ச் சேருமுன் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்களே வெள்ளத்தில் இருந்தவர்கள். நம் ஊர்களில் கோயில் கொடை (திருவிழா) நடத்துகிற கூட்டத்துக்கு இது புதிதல்ல. அண்டா எங்கே, அடுப்பு யார் மூட்டுவது, வரி பிரிக்க யார் போவது எல்லாம் அத்துப்படி. மைக் செட்டும் ஜெனரேட்டரும் ஒரு சொல்லில் வந்து இறங்கும். எந்தப் படிவமும் கொடைக் கமிட்டியைக் கேட்பதில்லை.

ஆனால் கொடைக்குக் குடும்பவாரியாகப் பிரிக்கும் தலைக்கட்டு வரி நோட்டில் பெயர் இல்லாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்கு வந்தவர்கள், தனியாக இருக்கும் கைம்பெண்கள், அடுத்த தெருச் சாதிக்காரர்கள். ஒரு சமுதாயத்தின் மண்டபத்தில் இன்னொரு சமுதாயத்து ஆட்கள் ராத்தங்கத் தயங்குவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? வரைபடத்தில் பாதுகாப்பு மையம் என்று எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடாது. அந்தத் தெருவிலிருந்து மண்டபத்துக்கு அம்பு போடக் கை வருகிறதா என்று அவர்களிடமே கேட்க வேண்டும். வரவில்லை என்றால் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பதே நல்லது. அதன் சாவி யாரிடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

புரட்டாசிக்குள் இந்தக் கூட்டத்தைப் போட்டுவிடுவது நல்லது. பீடி கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம் வையுங்கள். தொட்டி ஆபரேட்டர், லைன்மேன், ரேஷன் கடைக்காரர், கிராம செவிலியர், கொடைக் கமிட்டி ஆள், மேல் ஊரிலிருந்து ஒருவர் வர வேண்டும். ஊராட்சித் தலைவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை.