டர்போ காருக்கு எந்த ஸ்டால் வேகம்?

1987ஆம் ஆண்டின் பியூக் கிராண்ட் நேஷனல் காரை அமெரிக்க டர்போ ஆர்வலர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 3.8 லிட்டர் வி6 இன்ஜின், இன்டர்கூலருடன் (காற்றைக் குளிர்விக்கும் கருவி) ஒரு டர்போ, 245 குதிரைத்திறன். மேனுவல் கியர்பாக்ஸ் அதற்குக் கிடையாது. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். நின்ற இடத்திலிருந்து அது பாய்ந்ததற்குப் பலரும் டர்போவைப் புகழ்வார்கள். அந்தப் புகழில் பாதி டார்க் கன்வெர்ட்டருக்குச் சேர வேண்டும் என்பேன்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கலத்தில் எண்ணெய் நிறைந்திருக்கும். இன்ஜினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீசுகிறது. கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கிறது. திரும்பி வரும் எண்ணெயை ஸ்டேட்டர் திசைமாற்றி, இம்பெல்லர் சுழலும் பக்கமாகவே அனுப்புகிறது. அதனால் கார் நகரத் தொடங்கும்போது டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறத்தாழ இருமடங்காகிறது. 1905இல் இதற்குக் காப்புரிமை கோரிய ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் மனதில் வைத்திருந்தது கப்பல்களை.

பிரேக்கால் டர்பைனை நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், இன்ஜின் குறிப்பிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஏறி அதற்குமேல் நகராமல் நிற்கும். அதுவே ஸ்டால் வேகம். கன்வெர்ட்டருக்கே உரிய குணம் போல "3000 ஸ்டால்" என்று இதை விற்கிறார்கள். டர்போ காருக்கு அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

இம்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் டார்க், அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். ஆகவே ஸ்டால் வேகம், இன்ஜின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 250 நியூட்டன் மீட்டர் டார்க்கில் 2200 ஆர்பிஎம்மில் நிற்கும் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம், வந்து டார்க் 450 ஆனால், அதே கன்வெர்ட்டர் சுமார் 2950 வரை ஏறவிடும். உள்ளே எதுவும் மாறவில்லை, இன்ஜின்தான் மாறியிருக்கிறது.

ஆனால் பூஸ்ட் வருமா என்பதையே கன்வெர்ட்டர்தான் தீர்மானிக்கிறது. டர்போவைச் சுழற்றுவது இன்ஜினின் புகை. ஆர்பிஎம் குறைவாக இருந்தால் புகையின் ஓட்டமும் குறைவு. கன்வெர்ட்டர் மிக இறுக்கமாக, அதாவது ஸ்டால் வேகம் மிகக் குறைவாக, இருந்தால், டர்போ விழிப்பதற்கு முன்பே இன்ஜினைப் பிடித்துக்கொள்ளும். பூஸ்ட் இல்லாததால் டார்க் ஏறாது. டார்க் ஏறாததால் ஆர்பிஎம்மும் ஏறாது. மிதித்த பிறகும் கார் தயங்கி நிற்பது இதனால்தான். அதே கன்வெர்ட்டர் சில நூறு ஆர்பிஎம் தளர்வாக இருந்தால் கதை தலைகீழாகும்: கொஞ்சம் பூஸ்ட், அதனால் கூடுதல் டார்க், அதனால் உயரும் ஆர்பிஎம், அதனால் இன்னும் பூஸ்ட். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய பலன் காரில் வேறெங்கும் அரிது!

எனவே தேட வேண்டிய எண், டர்போ உருப்படியாக அழுத்தம் தரத் தொடங்கும் ஆர்பிஎம். பூஸ்ட் இல்லாத இன்ஜினின் டார்க்கை வைத்துக் கணக்கிடும் ஸ்டால் வேகம் அந்த எண்ணைச் சற்றுத் தாண்டினால் போதும். மிச்சத்தை டர்போவே ஏற்றிவிடும். முழு பூஸ்ட் கிடைக்கும் ஆர்பிஎம்மையே ஆரம்ப ஸ்டாலாகக் கேட்பவர்கள் அளவுக்கு மீறித் தளர்ந்த கன்வெர்ட்டரை வாங்கிவிடுகிறார்கள். பெரிய டர்போ பூட்டினால் விழிக்கும் ஆர்பிஎம் உயரும்; கன்வெர்ட்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

தளர்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விட்டத்திலிருந்து. கன்வெர்ட்டர் வாங்கும் டார்க், அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைச் சார்ந்தது. ஒரே வடிவமைப்பில் 30 சென்டிமீட்டரை 25 ஆக்கினால், அதே டார்க்குக்கு ஸ்டால் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். நுணுக்கமான திருத்தங்களுக்கு ஸ்டேட்டர், இம்பெல்லர் தகடுகளின் கோணங்களை மாற்றுவார்கள்.

தளர்வுக்கு விலை வெப்பம். ஸ்டாலில் சக்கரம் சுழலாததால், இன்ஜினின் ஆற்றல் முழுவதும் எண்ணெயைச் சூடாக்குகிறது. 450 நியூட்டன் மீட்டர், 2950 ஆர்பிஎம் என்றால் ஏறத்தாழ 139 கிலோவாட். கன்வெர்ட்டருக்குள் நான்கு லிட்டர் எண்ணெய் இருந்து, அந்த வெப்பம் முழுவதையும் அதுவே ஏற்றால், நொடிக்குச் சுமார் 20 டிகிரி செல்சியஸ் ஏறும். ஸ்டால் சோதனையைச் சில நொடிகளுக்குள் நிறுத்தச் சொல்வது இதனால்தான். சாலையில் ஓடும் காருக்குத் தனி ஆயில் கூலரும், சீரான வேகத்தில் நழுவலை நீக்கும் லாக்-அப் கிளட்சும் இருந்தால், சற்றே உயர்ந்த ஸ்டாலைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். லாக்-அப் இல்லாத கியர்பாக்ஸில் நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமென்றால், நான் 200 ஆர்பிஎம் குறைவான பக்கமே நிற்பேன்.