யுனிவர்சிட்டில சேத்து வெச்ச வீடியோ ஆடியோ எல்லாம் எத்தனை வருஷம் தாங்கும்?

வெளிநாட்டுல முதுகலை படிக்கிற ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தாங்க. போன வருஷம் ஜூம்ல நடந்த கிளாஸோட ரெக்கார்டிங்கை தீசிஸுக்காக இப்ப தேடினா லிங்க் மட்டும்தான் இருக்கு, வீடியோவைக் காணோம், யுனிவர்சிட்டிக்காரங்க இதையெல்லாம் எவ்வளவு நாள்தான் வெச்சிருப்பாங்கன்னு கேட்டிருந்தாங்க. இதுக்கு ரெண்டு பதில் இருக்கு, ஒண்ணு ஆபீஸ் ரூல் சொல்ற பதில், இன்னொண்ணு வேதியியல் சொல்ற பதில். முதல் பதிலை சீக்கிரம் முடிச்சிடலாம், ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

ரூல்னு பார்த்தா, அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் நிறைய யுனிவர்சிட்டில ஜூம் கிளவுட் ரெக்கார்டிங் 90 நாள், 120 நாள், 180 நாள்னு ஒரு கெடு வெச்சு தானா அழியுற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பாங்க. பனோப்டோ, எக்கோ360 மாதிரி லெக்சர் பதிவு பண்றதுக்குன்னே இருக்கிற சாஃப்ட்வேர்ல ஏத்தினது கொஞ்சம் அதிகமா இருக்கும், சில வருஷம், அதுக்கப்புறம் யாரும் பார்க்கலன்னா மலிவான ஸ்டோரேஜுக்கு தள்ளிடுவாங்க, திரும்ப வேணும்னா கேட்டுட்டு காத்திருக்கணும். எல்லாத்துக்கும் காரணம் காசுதான். கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் குடுத்துட்டு இருந்துச்சு, 2021 பிப்ரவரில அதை நிறுத்தப்போறோம், 2022 ஜூலைல இருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமா 100 டெராபைட்தான் (ஒரு டெராபைட்னா ஆயிரம் ஜிபி), மேல வேணும்னா காசுன்னு அறிவிச்சாங்க. 100 டெராபைட் பெருசாத்தான் தெரியும், ஆனா ஒரு நாளைக்கு 300 கிளாஸ், ஒவ்வொண்ணும் அரை ஜிபின்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 150 ஜிபி ஆச்சு, முழுசா ரெண்டு வருஷம் கூட வராது, அதுவும் மெயிலு, டாக்குமெண்ட்டு, ஆராய்ச்சி டேட்டா எதையும் சேர்க்காம.

சட்டமும் சில சமயம் குறுக்க வரும். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி பெர்க்லில 20,000-க்கு மேல லெக்சர் வீடியோ ஆடியோ உலகத்துக்கே இலவசமா திறந்து கிடந்துச்சு. காது கேக்காதவங்களுக்கு சப்டைட்டில் இல்ல, இருக்கிறதும் சரியில்லன்னு புகார் போயி, 2016-ல அமெரிக்க நீதித்துறை இது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம்னு சொல்ல, யுனிவர்சிட்டி என்ன பண்ணுச்சுன்னா அத்தனைக்கும் சப்டைட்டில் போட செலவாகும்னு 2017 மார்ச்ல இருந்து எல்லாத்தையும் உள்ள லாகின் இருக்கிறவங்க மட்டும் பார்க்கிற மாதிரி பூட்டிடுச்சு. புகார் குடுத்தவங்க மேல பலர் கோபப்பட்டாங்க. என்னைக் கேட்டா அவங்க கேட்டது நியாயம், சப்டைட்டில் போட முதல்லயே பட்ஜெட் ஒதுக்காம விட்டதுதான் தப்பு. பைல் அழியல, ஆனா வெளிய இருக்கிறவங்களுக்கு அது இல்லாததுக்கு சமமாப் போச்சு.

சரி, இப்ப ரெண்டாவது பதில். ரூல் எதுவும் அழிக்கச் சொல்லாம, எல்லாரும் காப்பாத்தணும்னே நினைச்சு அலமாரில பத்திரமா வெச்ச பதிவு என்ன ஆகும்? இதுக்கு அமெரிக்காவுல இருக்கிற இண்டியானா யுனிவர்சிட்டியைத்தான் பார்க்கணும். அங்க இருக்கிற மரபு இசை ஆவணக்காப்பகம் 1936-ல கொலம்பியா யுனிவர்சிட்டில ஜார்ஜ் ஹெர்ஸாக் ஆரம்பிச்சு, 1948-ல அவரோட சேர்ந்து இண்டியானாவுக்கு வந்துச்சு. மெழுகு உருளைல பதிஞ்ச பழங்குடி பாட்டுல இருந்து ஸ்பூல் டேப், கேசட், வீடியோ கேசட்னு என்னென்னவோ இருக்கு. 2009-ல இண்டியானாவோட புளூமிங்டன் கேம்பஸ் முழுக்க ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க, ஆடியோ, வீடியோ, ஃபிலிம் எல்லாம் சேர்த்து 5,60,000-க்கு மேல. அதுல பெரும்பாலானது அழிஞ்சிட்டே இருக்கு, இன்னும் 15, 20 வருஷம்தான் அவகாசம்னு அந்த அறிக்கை சொல்லுச்சு. அலமாரியைத் திறந்து பார்த்தா எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கும், அதான் கொடுமையே.

ஒரு ஸ்பூல் டேப்பை எடுத்துக்கோங்க. அடியில பாலியஸ்டர் நாடா, சுமார் 35 மைக்ரான் தடிமன். அதுமேல காந்தத் துகள், பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அந்தத் துகள்ல பதிஞ்ச காந்தத்தோட ஏற்ற இறக்கம்தான் சத்தம். ஆனா துகள் சும்மா நாடா மேல நிக்காது, ஒரு பசையில கலந்துதான் பூசணும், அதை பைண்டர்னு சொல்வாங்க. 70-கள்ல இருந்து 80-கள் வரைக்கும் வந்த நிறைய டேப்புல, முக்கியமா ஆம்பெக்ஸ் 406, 456 வகையில, இந்த பைண்டர் பாலியஸ்டர் யூரித்தேன். இதுல இருக்கிற எஸ்டர் பிணைப்பைப் பத்தி பிளஸ் டூ வேதியியல்ல படிச்சிருப்பீங்க, ஆசிடும் ஆல்கஹாலும் சேர்ந்தா எஸ்டரும் தண்ணியும் வரும், அதே எஸ்டர்ல தண்ணி போய் சேர்ந்தா திரும்ப ஆசிடாவும் ஆல்கஹாலாவும் உடையும். நீராற்பகுப்புன்னு ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்போம்ல, அதேதான்.

காத்துல இருக்கிற ஈரம் பைண்டருக்குள்ள மெதுவா இறங்குது, நீளமான பாலிமர் சங்கிலியில ஒரு எஸ்டர் பிணைப்பை வெட்டுது, வெட்டின இடத்துல ஒரு ஆசிட் முனை உருவாகுது, அந்த ஆசிட் அடுத்த பிணைப்பு வெட்டுறதுக்கு வினையூக்கியா வேலை செய்யுது. அதாவது அழிவு தன்னைத்தானே வேகப்படுத்திக்குது, முதல் பத்து வருஷம் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் திடீர்னு மோசமாகும். நீளமா உறுதியா இருந்த சங்கிலி குட்டிக் குட்டி துண்டாகி பிசுபிசுன்னு ஆகிடும். அடியில இருக்கிற நாடாவும் பாலியஸ்டர்தான், அதுலயும் எஸ்டர் பிணைப்பு இருக்கு, ஆனா அது இறுக்கமா அடுக்கின படிக மாதிரியான அமைப்பு, தண்ணி உள்ள நுழைய வழி கிடைக்காம அது அப்படியே நல்லா இருக்கும். எஸ்டர் எஸ்டர்தான், ஒண்ணு சாகுது ஒண்ணு பிழைக்குது, மூலக்கூறு எப்படி அடுக்கியிருக்குங்கிறதுதான் வித்தியாசம், இதை முதல்ல படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

இந்த மாதிரி டேப்பை மெஷின்ல ஓட்டினா ஒட்டிட்டு ஒட்டிட்டு விடும், ஹெட்டுல, அதாவது டேப்புல இருக்கிறதைப் படிக்கிற பாகத்துல பிடிச்சு, இழுவை அதிகமானதும் வழுக்கி, மறுபடி பிடிச்சு, இது ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறப்ப கீச்சுனு ஒரு அலறல் கேக்கும். மெஷினோட ஹெட்டுல பழுப்பு நிறத்துல பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், அது வெறும் அழுக்குன்னு துடைச்சுப் போட்டுடாதீங்க, அதுக்குள்ள காந்தத் துகளும் உரிஞ்சு வந்திருக்கும், அதாவது பாட்டே உரிஞ்சு வந்திருக்கு.

இதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா, சூடு பண்றது! நமுத்துப்போன அப்பளத்தை வெயில்ல வைக்கிற மாதிரியேதான், டேப்பை வெப்பநிலை சீரா இருக்கிற லேப் ஓவன்ல 50-ல இருந்து 55 டிகிரி செல்சியஸ்ல எட்டு மணி நேரத்துக்கு மேல வைக்கிறாங்க. ஆம்பெக்ஸ் கம்பெனியே இதுக்கு பேட்டண்ட் வாங்கி வெச்சிருந்தாங்க. ஈரம் வெளிய போகுது, மேல வந்து ஒட்டிட்டு இருந்த குட்டித் துண்டுகள் திரும்ப பைண்டருக்குள்ள இறங்கிடுது, இந்த ரெண்டுல எது முக்கியம்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் விவாதம் ஓடுது. சூடு பண்ணா பாட்டு அழிஞ்சிடாதான்னு கேப்பீங்க. அழியாது, இரும்பு ஆக்சைடு காந்தத்தன்மையை இழக்கணும்னா பல நூறு டிகிரி வேணும், 55 டிகிரி எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே கிடையாது. டேப்பை ஆறவிட்டு ஓட்டினா அலறிட்டு இருந்த 40 வருஷப் பழைய டேப் சத்தமே போடாம சுத்தும், குரல் சுத்தமா கேக்கும். ஆனா வெட்டுப்பட்ட சங்கிலி திரும்ப ஒட்டல, சில வாரத்துல காத்துல இருந்து ஈரம் மறுபடி ஏறிடும், அதுக்குள்ள டிஜிட்டலா மாத்திடணும்.

எல்லா டேப்பையும் இப்படி சுடக்கூடாது. 60-களுக்கு முந்தி வந்த டேப்புல நிறைய அசிட்டேட் நாடா, அதை சூடு பண்ணா சுருங்கி நாசமாகிடும், அதோட வியாதி வேற, வினிகர் வாசனையே அடிக்கும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ஸ்பூலை பக்கவாட்டுல வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா அசிட்டேட்னா சுருளுக்குள்ள வெளிச்சம் ஊடுருவி வரும், பாலியஸ்டர்னா இருட்டா இருக்கும். வீட்டு அடுப்பு ஓவன்லயோ மைக்ரோவேவ்லயோ வைக்கச் சொல்லி சுத்துற டிப்ஸை எல்லாம் தயவுசெஞ்சு நம்பாதீங்க, வீட்டு ஓவன்ல சூடு ஏறி இறங்கும், மைக்ரோவேவ்ல போட்டா டேப் கருகிடும்.

டேப் பிழைச்சாலும் ஓட்ட மெஷின் வேணுமே. பீட்டாமேக்ஸ்ங்கிற வீடியோ கேசட் தயாரிப்பை சோனி 2016 மார்ச்சோட நிறுத்திடுச்சு, அதே வருஷம் ஜூலைல ஃபுனாய் கம்பெனி விசிஆர், அதாவது வீடியோ கேசட் ஓட்டுற மெஷின் தயாரிக்கிறதை நிறுத்திடுச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல, ரிப்பேர் தெரிஞ்சவங்க வயசாகி ஓய்வு பெறுறாங்க. ஆஸ்திரேலிய தேசிய திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015-லயே டேப்பை எல்லாம் டிஜிட்டலா மாத்த 2025-ஐ கெடு வருஷமா சொல்லுச்சு, 2019-ல யுனெஸ்கோவும் அதே எச்சரிக்கையை குடுத்துச்சு. இண்டியானாவுல இதையெல்லாம் முன்னாடியே புரிஞ்சுக்கிட்டு 2013-ல அப்போதைய தலைவர் மைக்கேல் மெக்ராபி 1.5 கோடி டாலர் ஒதுக்கி, மெம்னான்ங்கிற கம்பெனியோட சேர்ந்து, ஒரே ஆள் ஒரே நேரத்துல பல டேப்பை ஓட்டி கண்காணிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணி, யுனிவர்சிட்டியோட 200-வது வருஷமான 2020-ஐ இலக்கா வெச்சு 3 லட்சத்துக்கு மேல பதிவுகளை டிஜிட்டலா மாத்தினாங்க.

அப்படி மாத்தின பைல் எங்க போய் உக்காருதுன்னு பார்த்தா, மறுபடியும் காந்த டேப்புலதான்! 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ங்கிற உயர்ந்த தரத்துல ஒரு மணி நேர ஸ்டீரியோ ஆடியோ மட்டும் சுமார் 2 ஜிபி வரும், வீடியோ இன்னும் பல மடங்கு, அத்தனையையும் ஹார்ட் டிஸ்க்ல சுத்த விட்டா கரண்டு பில்லே தாங்காது. அதனால டேட்டா டேப், புளூமிங்டன்ல ஒரு காப்பி, இண்டியானாபொலிஸ்ல ஒரு காப்பி. நிறைய இடத்துல எல்டிஓங்கிற வகை டேட்டா டேப்தான், தலைமுறை தலைமுறையா நம்பர் போட்டு வரும், எல்டிஓ-9 ஒண்ணுல 18 டெராபைட் பிடிக்கும், 30 வருஷம் வரைக்கும் தாங்கும்னு சொல்வாங்க. ஆனா எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரைக்கும்தான் படிக்கும், எல்டிஓ-6 டேப்பைப் போட்டா படிக்காது. டேப்புக்கு ஆயுசு இருக்கு, படிக்கிற டிரைவுக்கு இல்ல, அதனால சில வருஷத்துக்கு ஒருமுறை எல்லாத்தையும் புது தலைமுறைக்கு காப்பி பண்ணிட்டே இருக்கணும். காப்பி பண்றப்ப ஒரு பிட் கூட மாறலன்னு தெரிஞ்சுக்க ஒவ்வொரு பைலுக்கும் செக்சம்னு கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கு போட்டு வெச்சிருப்பாங்க, பைல்ல ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த எண் மொத்தமா மாறிடும், மாறினா இன்னொரு ஊர்ல இருக்கிற காப்பில இருந்து சரி பண்ணிப்பாங்க.

ஒரு தடவை கிளவுட்ல ஏத்திட்டா சாகவே சாகாதுன்னு நம்புறது என் பார்வையில மூடநம்பிக்கைதான், படிச்சவங்க நடுவுலதான் அது ஜாஸ்தி. 2021 டிசம்பர்ல கியோட்டோ யுனிவர்சிட்டியோட சூப்பர் கம்ப்யூட்டர்ல பேக்கப் எடுக்கிற புரோகிராம்ல பண்ண ஒரு மாத்தம் 77 டெராபைட் ஆராய்ச்சி டேட்டாவை அழிச்சிடுச்சு, சுமார் 3.4 கோடி பைல். காப்பாத்த எழுதின புரோகிராமே அழிச்சிருக்கு.

நம்ம ஊர்ல டிஜிட்டலா மாத்துறதுக்கு ஒரு தடவை நிதி வாங்குறது கூட நடந்துடும், ஸ்கேனர் வாங்கி, விழா வெச்சு, போட்டோ எடுத்துடலாம், ஆனா அடுத்த 20 வருஷத்துக்கு டேப் மாத்த, செக்சம் பார்க்க, ஆள் சம்பளம் குடுக்கன்னு வருஷா வருஷம் வேணும்கிற பணத்தை எந்தத் திட்டத்துலயும் எழுத முடியல, எழுதினாலும் வெட்டிடுவாங்க. இந்த முறை மாறணும், காப்பாத்துற செலவை கரண்டு பில், தண்ணி பில் மாதிரி யுனிவர்சிட்டியோட நிரந்தர செலவுல சேர்க்கணும். அதுவும் டேப் வைக்க 20 டிகிரிக்குள்ள வெப்பம், 30-40 சதவீத ஈரப்பதம் இருக்கணும்னு சொல்றாங்க, சென்னையில பெரும்பாலான மாசம் ஈரப்பதம் 65-ஐ தாண்டும், ஏசி இல்லாத ஸ்டோர் ரூம்ல நம்ம டேப்போட எஸ்டர் பிணைப்பு இண்டியானாவை விட வேகமாத்தான் உடைஞ்சிட்டு இருக்கும், பூஞ்சை வேற பிடிக்கும்.

உங்க காலேஜ்லயோ வீட்டுலயோ பழைய ஸ்பூல் டேப் இருந்தா ஆசையில உடனே ஓட்டிப் பார்த்துடாதீங்க, ஒட்டிப்போன டேப்பை ஒரு தடவை ஓட்டினாலே உரிஞ்சிடும். முதல்ல வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு அசிட்டேட்டா பாலியஸ்டரான்னு பாருங்க, மோந்து பாருங்க, ஓரத்துல வெள்ளையா பூஞ்சை இருக்கான்னு பாருங்க, இருந்தா அதை மத்த டேப்போட சேர்க்காம தனியா வைங்க. பெட்டி மேல என்ன கம்பெனி, என்ன நம்பர், எந்த வருஷம்னு எழுதியிருக்கிறதை போட்டோ எடுத்துக்கோங்க, டேப்பை சுடலாமா கூடாதான்னு முடிவு பண்றவங்க முதல்ல கேக்கப்போறது அந்த நம்பரைத்தான்.