டிஷ்யூ பேப்பரில் மடித்து வந்த பல்

போன வாரம் 11 வயதுப் பையன் ஒருவன். சாயங்காலம் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் அப்பா அழைத்து வந்தார். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பிரித்தார். உள்ளே பல், பளிச்சென்று. "சோப்புப் போட்டு, பிரஷ்ஷால நல்லா தேய்ச்சுட்டேன் டாக்டர். ஒரு துளி மண் இல்ல" என்றார். குரலில் பெருமைகூட இருந்தது.

இந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பல்லில் இருந்த மண் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சலைன் விட்டு அலசினால் போய்விடும். தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் இருக்கிறது, டெட்டனஸ் ஊசி இருக்கிறது. எனக்கு வேண்டியது வேரின் மேல் ஒட்டியிருக்கும் ஈரமான மெல்லிய சவ்வு. பல்லை எலும்போடு பிணைத்து வைப்பது அதுதான். அழுக்கு என்று நினைத்து நீங்கள் தேய்த்து எடுப்பதும் அதைத்தான். தேய்க்காமல் விட்டாலும் காற்றில் காய்ந்தால் அதிலுள்ள செல்கள் நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே வரும். ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. டிஷ்யூ பேப்பர், பஞ்சு, கைக்குட்டை எல்லாமே ஈரத்தை உறிஞ்சுகிறவை. பல்லை இதைவிடச் சீக்கிரம் காய வைக்க நானே நினைத்தாலும் முடியாது. குழாய்த் தண்ணீரில் ஊற வைத்துக் கொண்டுவருவார்கள் சிலர். தண்ணீரிலும் அந்தச் செல்கள் ஊதி வெடித்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பல்லை வேர்ப்பக்கம் தொடாதீர்கள், வெள்ளையாகத் தெரியும் தலைப்பக்கத்தைப் பிடியுங்கள். மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ ஒரு அலசு. அப்படியே விழுந்த குழியிலேயே திருப்பி வைத்து, மடித்த துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். ஆம், நீங்களேதான், அங்கேயேதான். கை நடுங்கும், தெரியும். முடியவில்லையா, காய்ச்சாத பாலோ காய்ச்சி ஆறிய பாலோ, குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டு ஓடி வாருங்கள். பாலும் இல்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். பால்பல்லாக இருந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லைக் குத்திவிடும். ஆனால் குழந்தையைக் காட்டத்தான் வேண்டும்.

மயக்கம், வாந்தி, தலைச்சுற்றல் இருந்தால் என்னிடம் வராதீர்கள். முதலில் அவசரப் பிரிவு. விழுந்த பல் எங்கே தேடியும் கிடைக்கவில்லையென்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உதடு கிழிந்து, பல்லும் உடைந்திருந்தால் தையல் போடும் முன் உதட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம் வடியவே இல்லை என்று வந்த ஒரு பெண்ணின் உதட்டுக்குள்ளிருந்து பல் துண்டை எடுத்திருக்கிறேன். உடைந்த துண்டு கையில் கிடைத்தால் அதையும் ஈரமாகவே கொண்டுவாருங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும்.

அடுத்தது மோவாய். கீழே விழுந்து மோவாயில் தையல் போட்டவர்கள், "தாடையில வலி பரவாயில்ல டாக்டர்" என்பார்கள். அடி விழுவது மோவாயில், எலும்பு முறிவதோ காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில். கடித்துப் பாருங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பு போலச் சேரவில்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறக்கிறது, கீழுதடு மரத்திருக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சின்னக் குழந்தைகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி வாயே திறக்காமல் போகலாம்.

பல் ஆடுகிறது, ஆனால் வலிக்கவில்லை, அதனால் வரவில்லை என்பவர்களிடம் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டேன். வலிக்காதது நரம்பு செத்துக்கொண்டிருப்பதாலும் இருக்கலாம். சில மாதம் கழித்து அதே பல் சாம்பல் நிறத்தில் வரும், ஈறில் சீழ்க்கொப்புளத்தோடு.

பையனுக்குப் பல்லை வைத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் கம்பியை எடுக்க வேண்டும், வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும். அந்த வேரை எலும்பு மெல்ல மெல்லத் தின்றுவிடும், தாடை வளர வளர இந்தப் பல் மட்டும் பின்தங்கும் என்று அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். இருக்கும் வரை இடத்தையும் எலும்பையும் காப்பாற்றிக் கொடுக்கும், அதற்காகத்தான் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஃப்ரிட்ஜ்ல பால் இருந்துச்சு டாக்டர்" என்றார்.

இனி 4 வாரம், 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம், அதற்குப் பிறகு வருடம் ஒரு முறை என்று வரச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் நானே போன் செய்வேன்.